ஆள் இல்லாத கரையில் ஆள்காட்டி

பேய், பிசாசு, காத்து, கருப்பு இதெல்லாம் வேலை வெட்டி இல்லாதவன் பேச்சு என்று அறுபத்து நான்கு வயது வரைக்கும் நாலு பேர் முன்னால் அடித்துச் சொன்னவன் நான். வாயால் மட்டும் சொல்லவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் முதல் லேத் போட்ட ஷெட்டில் எனக்கு முன்னால் இருந்தவன் உத்திரத்தில் தொங்கிச் செத்திருந்தான், அதனால் எவனும் அதை வாடகைக்கு எடுக்கவில்லை, நான் எடுத்தேன், அதே உத்திரத்தில் செயின் பிளாக் மாட்டி இரும்பு தூக்கினேன். காத்தும் வரவில்லை, கருப்பும் வரவில்லை, ஆர்டர்தான் வந்தது.

நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். இன்றைக்கு இருபத்திரண்டு பேர் என்னிடம் வேலை செய்கிறார்கள், நான் ஷெட்டுக்குள் காலை வைத்தால் இருபத்திரண்டு பேரும் எழுந்து நிற்பார்கள். ஒரு இரும்புத் தண்டைக் கண்ணால் பார்த்தே இத்தனை எம்.எம். என்பேன், பிறகு அளவுகோல் வைத்துப் பார்த்தால் அதேதான் இருக்கும். பெருமை பேசுகிறான் என்பீர்கள். பெருமைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இந்தக் கண் அளவு இந்த விஷயத்துக்கு வேண்டும், அதனால்தான் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

என் மகன் வினோத். ஒரே பிள்ளை. கம்ப்யூட்டர் வேலை. லீவு நாளானால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கூவம் ஆற்றங்கரையில் பறவை பார்க்கப் போய்விடுவான். கூவத்தில் பறவையா என்று மூக்கைப் பிடிக்காதீர்கள், அந்த நாற்றமெல்லாம் பட்டணத்துக்குள். தென்கரையில் எங்கள் வீடு இருக்கிற நூம்பலைத் தாண்டி மேற்கே போகப் போக மணல் தெரியும், கோரைப்புல் தெரியும், மீன் துள்ளுவதுகூடத் தெரியும். அவனுக்குக் கூட்டு நசீர், பூந்தமல்லியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிற பையன். பையன் என்ன, முப்பது வயசு. சின்ன வயசிலிருந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன், அவனும் என்னை நைனா என்றுதான் கூப்பிடுவான். இவர்கள் இரண்டு பேரும் வைத்திருந்த முறை என்னவென்றால், வினோத் வடகரை, நசீர் தென்கரை, நடுவில் ஆறு. இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டே ஒரே வேகத்தில் சைக்கிளை மிதிப்பார்கள், அவரவர் கரைப் பறவையை அவரவர் எண்ணுவார்கள். ஒரே பறவையை இரண்டு தடவை எண்ணிவிடக் கூடாதாம்.

எனக்கு அது ஒரு கேலி.

"இன்னாடா, போன வாரம் நாப்பது கொக்கு, இந்த வாரம் நாப்பத்தொண்ணா? அதுக்கு உனுக்கு இன்கிரிமென்ட் குடுப்பானா?"

"எவனும் குடுக்க மாட்டான் நைனா. ஆனா அது அங்க கீதுன்னு யாராவது எழுதி வைக்கணும்ல?"

இதற்கு நான் சிரித்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கார்த்திகை மாசம். நசீர் வீட்டில் கல்யாணம், அதனால் வினோத் தனியாகப் போனான். மதியத்துக்குள் மேலே ஏரிகள் நிரம்பி ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு போன் போட்டான்.

"நைனா, தரைப்பாலத்து மேல தண்ணி போவுது. நான் வடகரைல மாட்டிக்கினேன். வேன எடுத்துகினு பெரிய பாலம் சுத்தி வர்றியா?"

என் எதிரே இரண்டு பார்ட்டிகள் உட்கார்ந்திருந்தார்கள், பெரிய ஆர்டர்காரர்கள். அவர்கள் காதில் விழட்டும் என்றே சத்தமாகக் கேட்டேன். "எம்மாந் தண்ணி?"

"முட்டிக்கு மேல கீது. வேகமா போவுது."

"டேய், உன் வயசுல நானு கழுத்தளவு தண்ணில தலைல இரும்ப வச்சுகினு இதே ஆத்தத் தாண்டினவன். முட்டித் தண்ணிக்கு உனுக்கு வேனா? சைக்கிளத் தோள்ல போட்டுகினு தாண்டி வாடா!"

"சரி நைனா" என்றான். பார்ட்டிகள் சிரித்தார்கள், ஒருவர் என் தோளைத் தட்டினார். உண்மையைச் சொல்கிறேன், நான் தாண்டியது கழுத்தளவு இல்லை, இடுப்பளவுகூட இல்லை. சொல்லிச் சொல்லி எனக்கே அது கழுத்தளவாகிவிட்டது.

மூன்றாம் நாள் சைக்கிள் கிடைத்தது, ஆற்றோடு கீழே கொஞ்ச தூரத்தில் சீமைக்கருவேல மரத்தில் சிக்கியிருந்தது. அவன் கிடைக்கவில்லை. படகு விட்டுத் தேடினார்கள், நானும் கழி வைத்துக்கொண்டு ஒரு மாசம் கரை கரையாகக் குத்திப் பார்த்தேன், கிடைக்கவேயில்லை.

போனில் என்ன பேசினீர்கள் என்று போலீசில் கேட்டார்கள். மழை விட்ட பிறகு வா என்று சொன்னேன் என்றேன். வீட்டிலும் அதையே சொன்னேன். இந்தப் பொய்தான் என் பெண்சாதி தனத்துக்கு நம்பிக்கையாகிவிட்டது. யார் வந்து என்ன சொன்னாலும், "அவுரு மழ உட்டு வாடான்னு சொல்லிகீறாரு. எம்புள்ள அவுரு பேச்சத் தட்டமாட்டான், தண்ணில எறங்கியே இருக்கமாட்டான். சைக்கிள நிறுத்திட்டு எங்கயோ ஒதுங்கிகீறான், சைக்கிள மட்டும் தண்ணி அடிச்சுகினு பூடுச்சு. தலைல அடிபட்டு நெனப்பு தப்பி எந்த ஊர்லயோ கீறான்" என்பாள். கருமாதி என்ற பேச்சை எடுக்கவிடமாட்டாள். அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைப்பதைக்கூட நிறுத்திவிட்டாள். எங்கள் அப்பா அம்மாவுக்கு வைப்பதுதான் அது, ஆனால் வைத்தால் அவன் கணக்கிலும் சேர்ந்துவிடுமோ என்று பயம்.

இந்தப் பங்குனியில் அவள் தம்பி வந்து கருமாதியை முடிக்கச் சொல்லி ரொம்ப சண்டை போட்டுவிட்டான். அவன் போன பிறகு தனம் என்னிடம் வந்து உட்கார்ந்தாள். "ஞாயித்துக்கெழம நசீரு குருவி எண்ணப் போறானாம். நீயும் கூடப் போ. அவன் போன வழி முழுக்க ஒருவாட்டி பாத்துட்டு வா. வந்து, கீறான் இல்ல, ரெண்டுல ஒண்ணு சொல்லு. நீ இன்னா சொல்றியோ அதுக்கு நான் கட்டுப்படறேன்."

ஆக, சாயங்காலம் நான் ஒரு வார்த்தை கொண்டுவந்தாக வேண்டும். அதற்காகத்தான் போனேன், பறவைக்காக இல்லை.

விடிந்ததும் கிளம்பினோம். நான் ஏறியது வினோத் சைக்கிள். ஆறு வளைத்துப்போட்ட ரிம்மை நானே கையால் நிமிர்த்தியிருந்தேன், கடைக்காரன் முடியாது என்று சொன்ன ரிம், இன்றைக்குச் சுற்றிவிட்டால் ஒரு நூல் ஆடாது. தனம் எலுமிச்சம் சோறு கட்டிக் கொடுத்தாள். பொட்டலம் மூன்று. நசீர் பார்த்தான், நானும் பார்த்தேன், மூன்றையும் பையில் வைத்தோம்.

எனக்குப் பறவை தெரியாது என்பதால் நசீர் என்னைத் தன்னோடு தென்கரையிலேயே வைத்துக்கொண்டான். வடகரை சும்மா கிடந்தது. காலையில் நன்றாகத்தான் போனது. ஓரிடத்தில் நத்தைகுத்தி நாரை கூட்டமாக நின்றது, அவன் பைனாகுலரில் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தான், நான் பார்த்த மாத்திரத்தில் அறுபத்து மூன்று என்றேன். அவன் எண்ணி முடித்து என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"நைனா, உங்களுக்கு கண்ணுலயே மிஷின் கீது."

"பின்ன? தட்டுல போல்ட்டக் கொட்டினா எத்தினின்னு சொல்றவன்டா நானு."

அவன் ஒரு அட்டையில் தாளைச் செருகி வைத்திருந்தான். பறவை பேர், எத்தனை, மணி, கடைசியில் ஒரு கட்டம், எதனால் கிளம்பியது என்று. நாய் விரட்டினால் நாய், பருந்து வந்தால் பருந்து, மனுஷன் போனால் ஆள். அப்படி எழுதினால்தான் மறு தடவை எண்ணாமல் இருக்கலாமாம்.

ஆள்காட்டியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் கால், கறுப்புக் கழுத்து, கண்ணுக்கு முன்னால் சிவப்பாக ஒரு சதை. மனுஷ வாடை பட்டால் போதும், எகிறிப் பறந்து ஊரையே கூட்டிவிடும். பங்குனி அது முட்டையிடும் காலம், வெறும் சரளைக்கல்லில் முட்டை போட்டு வைத்திருக்கும், அப்போது இன்னும் மோசம், கிட்டப் போனால் தலையைக் கொத்துகிற மாதிரி பாயும். "அது கத்துச்சுன்னா நாங்க பறவைய பாக்க மாட்டோம் நைனா, அதுக்குக் கீழ எவன் வர்றான்னுதான் பாப்போம்" என்றான் நசீர்.

மணி பத்து இருக்கும். நல்ல வெயில், இருட்டில் பார்த்தேன் என்று நீங்கள் தள்ளிவிட முடியாது. வடகரையில், எங்களுக்கு நேர் எதிரே, ஒரு ஜோடி ஆள்காட்டி எகிறிக் கத்தியது. நசீர் பழக்கத்தில் அட்டையில் எழுதினான். ஆள்காட்டி, இரண்டு, ஆள். எழுதிவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தான்.

கரையில் ஆள் இல்லை.

"ஆடு மேய்க்கிறவன் எவனாவது கோரைக்குள்ள இருப்பான்" என்றான். சரி என்று போனோம். நூறு அடி போயிருப்போம், அடுத்த ஜோடி கிளம்பியது, அதுவும் எங்களுக்கு நேர் எதிரே. முதல் ஜோடி அடங்கி உட்கார்ந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் போனால் மூன்றாவது ஜோடி. சைக்கிளில் ஒருத்தன் அந்தக் கரையோடு போனால் எப்படி ஒவ்வொரு ஜோடியாகக் கிளம்புமோ அப்படி. கோரை இல்லாத இடம் வந்தது, வெறும் மணல், ஒரு எலி ஓடினால்கூடத் தெரியும். அங்கேயும் ஒன்று கிளம்பி, ஒன்றுமே இல்லாத இடத்தைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது.

நான் சட்டென்று பிரேக் போட்டேன். அந்தக் கரையில் கத்தல் முன்னால் போகவில்லை, அதே இடத்தில் நின்றது. மிதித்தேன், நகர்ந்தது. நான் மெஷின்காரன், ஒரு தடவை நடந்ததை நம்பமாட்டேன், நாலு தடவை ஓட்டிப் பார்ப்பேன். நாலு தடவையும் அதேதான். சைக்கிளைத் திருப்பி ஐம்பது அடி பின்னால் வந்தேன், அதுவும் பின்னால் வந்தது.

நசீர் பைனாகுலரை இறக்கவேயில்லை. "பருந்து இல்ல. நாய் இல்ல. கீரி கூட இல்ல நைனா." பைனாகுலரைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினான். "இந்த ஸ்பீடு... அவனும் நானும் இதே ஸ்பீடுலதான்..."

"வாய மூடுறா" என்றேன். எனக்கு மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நின்றுவிட்டது. பயம் என்று நினைக்காதீர்கள். வெட்கமாக இருக்கிறது, சொல்லிவிடுகிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எதிர்க்கரையில் என் பிள்ளை சைக்கிளில் வருகிறான் என்கிற மாதிரி நானும் அந்தக் கரையைப் பார்த்துக்கொண்டே மிதித்தேன். இரண்டு மணி நேரம் அப்படிப் போனோம். நசீர் ஒவ்வொரு தடவையும் எழுதினான்.

உச்சி வெயிலில் தரைப்பாலம் வந்தது. தண்ணீர் இல்லை என்றே சொல்லலாம், பாலத்தின் மேல் கணுக்கால் அளவுக்கு ஒரு ஓட்டம், அவ்வளவுதான். வடகரை முனையில் தண்ணீர் அளவு பார்க்கிற கம்பம் ஒன்று, அடி அடியாகப் பெயின்ட் அடித்து ஆறடி வரைக்கும். அந்தக் கம்பத்துக்குப் பக்கத்தில்தான் ஒரு ஜோடி முட்டை வைத்திருந்தது போலிருக்கிறது. அவை இரண்டும் மேலே எழும்பி, மாற்றி மாற்றிக் கீழே பாய்ந்தன. பாய்ந்து, தரைக்கு வராமல், நடு ஆகாயத்தில் எதன் மேலோ மோதாமல் ஒதுங்குகிற மாதிரி வெட்டித் திரும்பின. ஒவ்வொரு தடவையும் ஒரே உயரத்தில். கம்பம் பக்கத்திலேயே இருந்ததால் எனக்கு அளவு தப்பவில்லை. கம்பத்தின் உச்சிக்கு நாலு அங்குலம் கீழே. ஐந்தடி எட்டு அங்குலம்.

வினோத்துக்கு பேன்ட் தைக்க, கட்டில் செய்ய, எல்லாவற்றுக்கும் அளவு சொன்னவன் நான்.

அவன் நிற்கிறான். பாலத்துக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிறான், இந்தப் பக்கம் வரத் தெரியாமல். எனக்கு அப்படித்தான் பட்டது. என்னால் தாங்கமுடியவில்லை. சைக்கிளைக் கீழே போட்டேன். கையை ஆட்டிக் கத்தினேன்.

"டேய் வினோத்து! தண்ணி இல்லடா! முட்டி கூட நனையாது! தாண்டி வாடா!"

பறவை கம்பத்தை விட்டு நகர்ந்தது. கத்திக்கொண்டே பாலத்தின் மேல் வந்தது. பத்தடி. இருபதடி. ஒன்று மாற்றி ஒன்று பாய்ந்து திரும்பிக்கொண்டே பாலத்தின் நடுவுக்கு வந்தன. இன்னும் பாதிதான். நான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றேன்.

அங்கே நின்றுவிட்டது.

கத்தல் ஒரே வெட்டாக நின்றது. இரண்டு பறவையும், அங்கே எதுவுமே இல்லை என்கிற மாதிரி, சாதாரணமாக வட்டம் போட்டுத் திரும்பிப் போய் முட்டைப் பக்கம் உட்கார்ந்துகொண்டன. தண்ணீர் போகிற சத்தம் மட்டும் கேட்டது.

நசீர் என் பக்கம் திரும்பினான். "நைனா... இன்னா சொல்லிக் கூப்டீங்க?"

அப்போதுதான் என் காதில் என் குரல் விழுந்தது. தாண்டி வாடா. அதே வார்த்தை. அன்றைக்கு போனில் சொன்ன அதே வார்த்தை, அதே அதட்டல். இரண்டு மணி நேரம் என்னோடு கூடவே வந்தவனை நான் மறுபடியும் ஆற்றில் இறக்கிவிட்டேன்.

நான் கரையில் உட்கார்ந்துவிட்டேன். நசீர் நடுப் பாலம் வரைக்கும் நடந்து போய்ப் பார்த்தான், அக்கரைக்கும் போனான், அந்த இரண்டு பறவையும் அவன் தலைமேல் பாய்ந்து கத்தின. மணலில் சைக்கிள் தடம் இல்லை, கால் தடம் இல்லை. திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனிடம்தான் முதன்முதலில் அந்த போன் பேச்சைச் சொன்னேன். அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பொட்டலம் எதையும் நாங்கள் பிரிக்கவில்லை.

திரும்பும்போது வடகரையில் நாற்பது ஆள்காட்டி இருந்திருக்கும். ஒன்றுகூடக் கிளம்பவில்லை.

"அந்தத் தாள்ல 'ஆள்'னு எழுதினியே, அத அடிச்சுடு" என்றேன் நசீரிடம்.

"அடிக்க மாட்டேன் நைனா. பறவை எதப் பாத்துக் கத்துச்சோ அதத்தான் எழுதணும். அவன் எனக்குச் சொல்லிக் குடுத்தது அது." இருபது இடத்தில் எழுதியிருந்தான். இருபது இடத்திலும் ஆள்.

தனம் வாசலிலேயே நின்றிருந்தாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. "இன்னாய்யா?" என்றாள்.

"இல்ல தனம்" என்றேன்.

"எப்டி தெரியும்?"

வழியெல்லாம் ஒரு பொய்யை யோசித்துக்கொண்டுதான் வந்தேன். ஆனால் வாய் வரவில்லை. மழை விட்டு வா என்று நான் சொல்லவில்லை, தாண்டி வா என்று சொன்னேன் என்றேன். கழுத்தளவு கதையும் பொய் என்றேன். ஆற்றங்கரையில் நடந்ததை அவளிடம் சொல்லவில்லை, அதைச் சொல்லி என் பாரத்தை இறக்கிக்கொள்ளக் கூடாது என்று தோன்றியது.

அவள் கேட்டது ஒன்றுதான். "அவன் இன்னா சொன்னான்?"

"சரி நைனான்னான்."

தலையை ஆட்டினாள். அழவில்லை. பையை என் கையிலிருந்து வாங்கி, உள்ளே கை விட்டு, ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். நான் கீழேயே நின்றேன். மேலே, மூன்று வருஷமாகக் கேட்காத அந்தக் குரல் கேட்டது, கா, கா என்று அவள் கூப்பிடுவது. காக்கை உடனே வந்துவிட்டது. றெக்கைச் சத்தம் எனக்குக் கேட்டது.

சித்திரையில் எல்லாக் காரியத்தையும் முடித்தோம். தனம் சமைக்கிறாள், துணி துவைக்கிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். அதற்கு மேல் என்னோடு ஒரு வார்த்தை கிடையாது. ஷெட்டில் எல்லாம் வழக்கம் போலத்தான், நான் நுழைந்தால் இருபத்திரண்டு பேரும் எழுந்து நிற்கிறார்கள்.

இதற்கு நீங்கள் ஆயிரம் காரணம் சொல்லலாம். பாம்பு, கீரி, வெயில், பிள்ளையைப் பறிகொடுத்தவன் புத்தி. நானும் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஆனால் ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தனியாக அந்தத் தரைப்பாலத்துக்குப் போகிறேன், பாலத்தைத் தாண்டி வடகரையில் கம்பத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிறேன். எவன் போனாலும் அந்த ஜோடி கத்துகிறது. நசீர் போனால் கத்துகிறது, ஆடு மேய்க்கிற கிழவி போனால் கத்துகிறது. நான் போனால் கத்துவதில்லை. போன வாரம் முட்டைக்கு ஒரு முழம் பக்கத்தில் போய்க் குந்தினேன், கையை நீட்டினால் தொடலாம். அடைகாத்துக்கொண்டிருந்த பறவை எழுந்திருக்கவில்லை. அதன் கண் என் பக்கம்தான் இருந்தது, ஆனால் அங்கே ஆளே இல்லாத மாதிரி, எனக்குப் பின்னால் இருக்கிற ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது.